போணி

பன்னிரண்டு நறுக்குகள்.
ஒவ்வொன்றிலும் என் தொலைபேசி எண்.
கிழித்துக்கொண்டு போகத் தோதாய்க் கத்தரித்து
கட்டட வாசலில் ஒட்டினேன்:
'வீட்டுக் கின்காலி. உறையவைத்தது.
பைக்கு இருபத்தைந்து உருண்டை.
ஏழாம் மாடி, மக்வாலா.'

மூன்று நாள்
காற்று மட்டும் அவற்றைப் புரட்டிப் பார்த்தது.

நான்காம் நாள் விடியலில்
குப்பை கொட்டப் போகிறவளைப் போலப் போய்
ஒரு நறுக்கை நானே கிழித்தேன்.
ஒரு பல் போன வாய்தான்
பேசிப் பழகிய வாய்போல் இருக்கிறது.
என் எண்ணை என் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு
மேலே வந்தேன்.

ருஸ்தாவியில் எங்கள் கட்டடத்து லிஃப்ட் காசு கேட்கும்.
இருபது தெத்ரி போட்டால்தான் கிளம்பும்.
மாவுக்கு எழுதினேன், இறைச்சிக்கு எழுதினேன்,
வெங்காயம், மிளகு, கொத்தமல்லி,
கொதிக்கவைத்துப் பார்த்த கேஸுக்குக்கூட எழுதினேன்.
கூட்டி, வகுத்து, விலை வைத்தேன்.
லிஃப்டை எழுதவில்லை.
முதல் வாரம் எட்டிப் பார்த்த லாபத்தை
அந்தத் தகரப் பெட்டி
ஏறி ஏறியே விழுங்கிவிட்டது.

அதற்கு முந்தைய வாரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.
மாவை மெல்லிசாய்த் தேய்த்துவிட்டேன்.
கொதிநீரில் நாற்பது உருண்டையும் வாய் பிளந்தன.
ஐந்து நாள் அதையே சூப்பென்று சாப்பிட்டோம்.
"அம்மா, இதுக்குப் பேர் கின்காலியா, விபத்தா?"
என்றான் வாஹோ.
ஆனாலும் இரண்டாவது கிண்ணம் கேட்டான்.

வாங்கினார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன்.
எதேரி இரண்டு பை எடுத்தாள்,
மீதிச் சில்லறையை எண்ணாமல் போனாள்.
நாத்தனார் ஒரு பை.
பழைய தொழிற்சாலைத் தோழி ஒருத்தி,
தேவைக்கு மேலேயே சிரித்துக்கொண்டு, ஒரு பை.
ஒருவரும் பேரம் பேசவில்லை.
அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

எங்கள் ஊரில் கின்காலியின் குடுமியைச் சாப்பிட மாட்டோம்.
குடுமியைப் பிடித்து, கடித்து, சாற்றை உறிஞ்சி,
அதைத் தட்டிலேயே விட்டுவிடுவோம்.
யார் எத்தனை தின்றார் என்பதற்கு
அந்தக் குடுமிகளே கணக்கு.
சல்லடை இரவல் வாங்க எதேரி வீட்டுக்குப் போனேன்.
வெண்ணெய் எடுக்க ஃப்ரீசரைத் திறந்தாள்.
இரண்டு பையும்
நான் போட்ட முடிச்சு அவிழாமல் இருந்தன.
அவள் கதவை வேகமாக மூடினாள்.
நான் சல்லடையைப் பற்றிப் பேசினேன்.

ஆறாம் நாள் வாசலில்
இரண்டு பல்லைக் காணோம்.

ஒன்று என் கோட்டுப் பையில் இருக்கிறது.
தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மாலையில் போன் அடித்தது.
கரகரத்த ஆண்குரல். "எத்தனை மடிப்பு?"
"பத்தொன்பது."
"இறைச்சி என்ன?"
"மாடும் பன்றியும், பாதிக்குப் பாதி."
"இருபது லரியா! பதினெட்டுக்குக் கொடுங்கள்."

பேரம்!
நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.
இந்த ஆளுக்கு என்மேல் இரக்கம் இல்லை.
என் கணவர் போலந்தில் லாரி ஓட்டுவதும்
மூன்று மாதமாய்ப் பணம் வராததும்
இந்த ஆளுக்குத் தெரியாது.
பசிக்கிறது, அவ்வளவுதான்;
காசு கொஞ்சம் குறைந்தால் நல்லது, அவ்வளவுதான்.

"கட்டாதுங்க" என்றேன்.
குரல் நடுங்கியது, விலை நடுங்கவில்லை.
அந்தப் பக்கம் மௌனம்.
பானையில் தண்ணீர் சலசலத்தது.
"சரி, ஏழு மணிக்கு வருகிறேன்."

ஏழே காலுக்கு மூச்சு வாங்க வந்து நின்றார்.
"உங்கள் லிஃப்ட் இருபது தெத்ரியைத் தின்றுவிட்டு
நகரவே இல்லை.
படியேறி வந்தேன். அதைக் கழித்துக்கொள்ளுங்கள்."

கழித்தேன்.
குளிர்ந்த பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
நன்றிகூடச் சொல்லாமல் இறங்கிப் போனார்.

நோட்டை எடுத்தேன்.
வரவு: பத்தொன்பது லரி, எண்பது தெத்ரி.
செலவுப் பக்கத்தில் புதிதாய் ஒரு வரி: லிஃப்ட்.
பெயர் கேட்க மறந்திருந்தேன்.
'ஆள்: தெரியாதவர்' என்று எழுதி
இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.